ஒரு பிளக் கறுப்பு, ஒரு பிளக் வெளுப்பு

இரட்டை சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். ரெண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருக்கும், மற்றது வெளிறிப்போய் இருக்கும். ஐடிலிங் நிலையாக நிற்காது, மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பார்த்த உடனே கை ஸ்க்ரூடிரைவரோடு, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவுக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். கோளாறு எங்கே என்று தெரியாமல் அதைத் திருகினால், பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன் மேல் புதிதாக ஒன்று சேரும்.

முதல் சந்தேகம் கார்புரேட்டர் மேலேயே வரக்கூடாது என்பது என் கட்சி. தீப்பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் கறுத்துத்தான் போகும், பார்வைக்கு அப்படியே ரிச் மிக்சர் (பெட்ரோல் அதிகமான கலவை) மாதிரி இருக்கும். அதனால் பிளக்கையும் பிளக் கேப்பையும் இடது வலது மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கறுப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை. வால்வ் இடைவெளியும் கம்ப்ரஷனும் சரிதானா என்றும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் எந்த ஜெட்டை மாற்றினாலும் ரெண்டும் ஒன்றாக வராது.

அடுத்த கேள்வி, ரெண்டில் எது தப்பு? வெளிறிய பிளக் என்றாலே லீன் (பெட்ரோல் குறைந்த கலவை) என்று பயந்துவிட வேண்டாம். ஈயமில்லாத பெட்ரோலில் சரியாக எரியும் பிளக்கும் ஓரளவு வெளிறித்தான் இருக்கும், பழைய கையேட்டுப் படங்களில் வரும் காப்பிக்கொட்டை நிறம் பல வண்டிகளில் வருவதே இல்லை. நிறத்தை விட வண்டியின் நடத்தை நன்றாகச் சொல்லும். எஞ்சின் சூடான பிறகு, கலவையில் பெட்ரோலை அதிகமாக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் ஓட்டம் தேறுகிறதா, லீன். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் மேலேயே தொங்குகிறதா, அதுவும் பெரும்பாலும் லீன்தான். சூடாக ஆக ஆக மோசமாகி, ஏர் ஃபில்டரைக் கொஞ்ச நேரம் எடுத்தால் சரியாகிறது என்றால் ரிச்.

இதெல்லாம் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது நடக்கிறது என்பதும் முக்கியம். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டின் ராஜ்ஜியம், காலிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லை கறாராக இருக்காது, ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்துதான் இருக்கும். பிளக் பார்ப்பதும் அப்படித்தான். சந்தேகப்படும் நிலையிலேயே பிடித்துக் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கில் ஸ்விட்ச்சை அணைத்து, உருண்டு நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத நேரான சாலையில் மட்டும். ஐடிலிங்கில் ஊர்ந்து வீடு வந்து கழற்றினால் பிளக் ஐடிலிங் கதையைத்தான் சொல்லும்.

என் வண்டியில் இடது பக்கம் மட்டும், எல்லா நிலையிலும் ரிச். ஒரு ஜெட் கெட்டிருந்தால் ஒரு பகுதியில்தான் தொந்தரவு இருக்கும், கீழிருந்து மேல் வரை ஒரே மாதிரி ரிச் என்றால் பெட்ரோல் வேறு ஏதோ வழியில் வருகிறது என்று அர்த்தம். ஃப்ளோட் மட்டம், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகாலில் ஒளி ஊடுருவும் ட்யூபை மாட்டிக் கார்புரேட்டரின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்தால் உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் ரெண்டு பக்கமும் வேறு வேறாகத்தான் காட்டும். மட்டம் ரெண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

மாட்டியது பெட்ரோல் டேப். எஞ்சின் உறிஞ்சும் வேக்குவமில் திறக்கும் டேப் (குழாய் வால்வ்) அது, அதன் மெல்லிய குழாய் இடது சிலிண்டரின் இன்டேக்கில்தான் சொருகியிருக்கிறது. குழாயை உருவியதும் அதன் வாயில் ஒரு சொட்டு பெட்ரோல் திரண்டு நின்றது. காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாய்! டேப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து, கார்புரேட்டரைத் தொடாமலேயே பெட்ரோல் நேராக அந்த ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் டயாஃப்ரம் மாற்றியதோடு வேலை முடிந்தது, கார்புரேட்டரில் எந்த ஸ்க்ரூவும் அசையவில்லை.

ஒரு பக்கம் மட்டும் லீன் என்றால் தேட வேண்டிய இடம் வேறு. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரை வளைத்துப் பார்த்து வெடிப்பு தேடுங்கள், வேக்குவம் முனையில் மாட்டியிருக்கும் குட்டி ரப்பர் மூடியையும் விடாதீர்கள், அது காய்ந்து பிளந்திருந்தாலே போதும். ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பில் கார்ப் கிளீனரை லேசாக அடித்தால், லீக் இருக்கும் இடத்தில் ஆர்பிஎம் மாறும். அது தீப்பிடிக்கும் சரக்கு, சூடான சைலென்சர் குழாய் பக்கத்தில் கவனம். லீக் இல்லையென்றால் பைலட் ஜெட் அடைப்பு. துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வண்டி சில மாதம் நின்றாலே பெட்ரோல் காய்ந்து மூடிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிய வேண்டும். குத்துவதற்கு ஒயரிலிருந்து உருவிய செம்பு இழை போதும், இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும்.

இதெல்லாம் முடிந்து, வேக்குவம் கேஜ் வைத்து ரெண்டு கார்புரேட்டரையும் சமன்படுத்திய பிறகுதான் மிக்சர் ஸ்க்ரூ. அது எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, உள்ளே திருகினால் ரிச். தொடுவதற்கு முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஸ்க்ரூவின் ஊசி முனை நசுங்கிவிடும்.