எப்போது போட்டது? டோனட் கடை நாட்குறிப்பு

மே 5, திங்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில் டோனட் கடையில் நிற்பது எனக்குப் பிடிக்கும். அந்த நேரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். பேச மாட்டார்கள், கை காட்டுவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். மீதிப் பேர் அலுவலகத்துக்குப் பெட்டி வாங்க வந்தவர்கள். குழப்பமெல்லாம் அவர்களுக்குத்தான்.

இன்று எனக்கு முன்னால் நின்ற இளைஞர், "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டார். பொதுவாக இதற்குக் கிடைக்கும் பதில், எல்லாமே நல்லா இருக்கும் என்பதுதான். கவுண்டரில் இருக்கும் அக்கா அப்படிச் சொல்லவில்லை. "கிளேஸ் போட்டது இப்பதான் வந்துச்சு தம்பி. சாக்லேட் அஞ்சு மணிக்குப் போட்டது, அதுவும் பரவாயில்லை. ஜாம் வச்சது வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். நிக்க முடிஞ்சா நில்லுங்க." அவர் நின்றார். நானும் நின்றேன்.

டோனட்டின் ஆயுள் மணிக்கணக்கில்தான். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு எண்ணெயிலிருந்து வெளியே வந்து முதல் சில மணி நேரம் இருக்கிற மாதிரி பிறகு எப்போதும் இருக்காது. மாவிலுள்ள ஸ்டார்ச் மெல்ல இறுகிக்கொண்டே போகும். உள்ளேயிருக்கும் ஈரம் மேலே உள்ள சர்க்கரைப் பூச்சான கிளேஸுக்கு நகரும். எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால்தான் 'எப்போது போட்டது' என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்கிற கடையை நான் நல்ல கடை என்கிறேன். அலங்காரமும் சோபாவும் பாட்டும் அப்புறம்.

மே 9, வெள்ளி

வேலையாக வேறு பக்கம் போனவன், சாயங்காலம் அங்கிருந்த பெரிய கடை ஒன்றில் நுழைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக, வண்ண வண்ணமாக அடுக்கியிருந்தார்கள். எப்போது போட்டது என்று கேட்டேன். "எல்லாம் ஃப்ரெஷ்தான் சார்." அந்தப் பையன் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளேஸ் வெடித்து உதிர்ந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கிய இடம் அப்படியே நின்றது. அதைவிட மோசம் எண்ணெய் வாடை. ஒரே எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்தால் உடைந்து, கறுத்து, கெட்டியாகும். அதில் பொரித்தது தின்று முடித்த பிறகும் நாக்கில் படிந்தே இருக்கும். காலையில் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஈஸ்டுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் கேக் வகையைக் கேட்டு வாங்கியிருப்பேன். ஈஸ்ட் டோனட் அளவுக்கு அது சீக்கிரம் வீணாகாது. அந்த வாய்ப்பைத்தான் 'எல்லாம் ஃப்ரெஷ்' என்ற பதில் என்னிடமிருந்து பறித்தது.

மே 17, சனி

வாசலுக்கு வெளியே வரை வரிசை. சனிக்கிழமை குழந்தைகளின் நாள்.

ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கலாம், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அவசரப்படுத்தினார். "சீக்கிரம் சொல்லும்மா, பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க." அவளுக்கு வாங்குவதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "நடுவுல ஏன் வெள்ளையா கோடு இருக்கு?" அப்பாவுக்குத் தெரியவில்லை. ட்ரே எடுத்து வந்த கடைக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. ஒன்றை இடுக்கியில் பிடித்துப் பக்கவாட்டில் காட்டினார். "எண்ணெயில இது மிதக்கும் கண்ணு. கீழ்ப்பக்கம் வெந்ததும் திருப்பிப் போடுவேன். நடு வயிறு ரெண்டு தடவையும் எண்ணெய்க்கு வெளியவே நின்னுடும். அதான் வெள்ளை." அவள் தலையாட்டினாள். அப்புறம் ஸ்பிரிங்கிள்ஸ், அதாவது வண்ணச் சர்க்கரைத் துணுக்குகள், போட்டதைக் கேட்டாள்.

அந்தக் கோடு எனக்கும் முக்கியம். மாவு நன்றாகப் பொங்கியிருந்தால் காற்று நிறைந்து, லேசாகி, உயர மிதக்கும். கோடு தெளிவாக விழும். அரைகுறையாகப் பொங்கிய மாவு எண்ணெயில் அமிழ்ந்து கிடக்கும். கோடு மங்கிப்போகும், கடித்தால் அடர்த்தியாக இருக்கும். வாங்கும் முன் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அவர்களுக்குப் பின்னால் ஒருவர் பன்னிரண்டு டோனட் பெட்டி கேட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் திணறினார். அக்கா இரண்டே கேள்வி கேட்டார்: எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், குழந்தைகள் உண்டா? மத்தியானம் என்றதும் கிளேஸைக் குறைத்துக் கேக் வகையைக் கூட்டினார். பொடிச் சர்க்கரை தூவியதை அட்டை வைத்துத் தனியாகப் பிரித்தார். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் சாக்லேட்டெல்லாம் வெள்ளையாகிவிடும். சூடாக இருந்தவற்றின் மேல் மூடியை இறுக்கவில்லை. ஆவி வெளியே போகாவிட்டால் கிளேஸ் கண்ணீராக வடியும். அத்தனை பெரிய வரிசையிலும் அவர் இதில் எதையும் விட்டுவிடவில்லை. பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்தான். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

மே 20, செவ்வாய்

மழை. காற்றில் ஈரம் அதிகமென்றால் கிளேஸ் காயாது. அக்காவே சொல்லிவிட்டார், இன்றைக்கு இலவங்கப்பட்டைச் சர்க்கரை போட்டதை எடுங்கள் என்று.

அலுவலகத்தில் ஒருவர் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வேண்டாம் என்றேன். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் இன்னும் வேகமாக இறுகும். கஸ்டர்ட், கிரீம் வைத்தது மட்டும் விதிவிலக்கு. அது வெளியே இருந்தால் கெட்டுப்போகும்.

மே 24, சனி

இன்று பார்த்ததை விவரமாக எழுத வேண்டும்.

ஒரு தாயும் ஏழெட்டு வயதுப் பையனும் வந்தார்கள். பையன் தட்டுகளைப் பார்க்க ஆரம்பிக்கும் முன்பே அம்மா அக்காவிடம், "இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. கடலை இல்லாதது ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை இடத்தில் கேட்டு, எத்தனை விதமான பதில் வாங்கியிருப்பார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

'சாதா கிளேஸில் கடலை இல்லை, தாராளமாக வாங்குங்கள்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. மாவில் கடலை கிடையாது. ஆனால் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "மாவுல கடலை இல்லைம்மா. ஆனா கடலை தூவினதும் இதே மேசையிலதான் வைக்கிறோம், இடுக்கியும் ஒண்ணுதான். ஒரு துகள்கூட ஒட்டலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. குழந்தைக்கு நான் குடுக்க மாட்டேன்."

பையன் முகம் வாடிவிட்டது. அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரா சொன்னீங்களே, அது போதும்" என்றார். பையனுக்கு மூடி திறக்காத பால் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள்.

விற்க மறுத்ததையும் நல்ல வாடிக்கையாளர் அனுபவம் என்றே நான் எழுதுவேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து செய்முறையில் மட்டும் இல்லை. இடுக்கி, தட்டு, எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறது. கோதுமை, பால், முட்டை, சோயா எல்லாம் புழங்கும் டோனட் கடையில் இதைத் தெரிந்துவைத்திருப்பதும் தொழிலில் ஒரு பகுதிதான். முட்டை சாப்பிடாதவர்களும் இப்படியே துணிந்து கேட்கலாம். பல டோனட் மாவுகளில் முட்டை சேரும். சில இடங்களில் பொரிப்பதற்கு மிருகக் கொழுப்பும் பயன்படுத்துவார்கள்.

மே 28, புதன்

சாயங்காலம் வரும் பெரியவர் இன்றும் வந்திருந்தார். அவர் கேட்பது நேற்றுப் போட்ட கேக் டோனட். அக்கா தனிக் கூடையில், 'நேற்றையது' என்று எழுதி, விலையைக் குறைத்து வைத்திருப்பார். "காபியில முக்கினா புதுசு கரைஞ்சு போகுது. நேத்தையதுதான் நிக்கும்" என்றார் என்னிடம். முக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கேக் டோனட்டில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்தான். அமைப்பே நெருக்கமானது.

ஜூன் 6, வெள்ளி

ஜூன் மாதத்தின் முதல் வெள்ளி, டோனட் தினம். 1938-ல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இதைத் தொடங்கியது. முதல் உலகப் போரில், 1917-ல், பிரான்சில் இருந்த படைவீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்த அந்த அமைப்பின் பெண்களை நினைவுகூரும் நாள். குண்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்த மாவையும் சர்க்கரையையும் வைத்துச் செய்தார்கள். மாவு தேய்க்கப் பூரிக்கட்டைக்குப் பதில் ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழும் விஷயம் இது.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் தட்டுகள் காலி. அவசரத்தில் ஒரே நேரத்தில் நிறையப் போட்டதில் எண்ணெயின் சூடு இறங்கிவிட்டது. ஈஸ்ட் டோனட்டுக்குச் சுமார் 185 முதல் 190 டிகிரி செல்சியஸ் வேண்டும். குறைந்தால் மேல்தோல் பிடிக்க நேரமாகும், எண்ணெயும் கூடுதலாக ஏறும். வந்த தட்டு வெளிறி, கனத்து, காகிதத்தை நனைத்தது.

கடைக்காரர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். அந்தத் தட்டை அப்படியே ஓரமாகத் தள்ளினார்.

"எனக்குப் பரவாயில்லைங்க, குடுங்க, நேரமாச்சு" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "எனக்குப் பரவாயில்லைன்னு விட முடியலையே ஐயா. பத்து நிமிஷம் குடுங்க, எண்ணெய் காயட்டும்." அவர் சலித்துக்கொண்டு போய்விட்டார். வேறு சிலரும் போனார்கள். நின்றவர்களுக்கு அடுத்த தட்டிலிருந்து கிடைத்தது நான் இந்தக் கடையில் சாப்பிட்டதிலேயே சிறந்தது. மெல்லிய தோல், உள்ளே பஞ்சு, நடுவில் தெளிவான கோடு.

ஜூன் 8, ஞாயிறு

'பத்தரைக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டார்கள், மோசமான கடை' என்று ஒரு நண்பர் குறைபட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து வந்தவருக்கு ஏமாற்றம்தான், புரிகிறது. சரி, ஆனால் மத்தியானம் வரை தட்டுகள் நிறைந்தே இருக்க வேண்டுமென்றால் காலையில் போட்டதைத்தான் அவருக்குக் கொடுத்திருப்பார்கள். தீர்ந்ததும் மூடுகிற கடையை நான் குறை சொல்ல மாட்டேன். மூடும் நேரம் 'தீரும் வரை' என்று வாசலில் எழுதி வைக்கலாம். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, புதன்

சொன்னேன். "அது நல்ல யோசனைதான்" என்று சாக்பீஸை எடுத்து அப்போதே எழுதிவிட்டார்.

நாளை அலுவலகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு விழா. பெட்டிக்குச் சொல்லிவைத்தேன். பாதி கிளேஸ், பாதி கேக், கடலை எதுவும் வேண்டாம். எட்டு மணிக்கு வருகிறேன் என்றதற்கு, எட்டேகாலுக்கு வரச் சொன்னார். எட்டுக்குத்தான் எண்ணெயிலிருந்து எடுப்பார்களாம். கிளேஸ் காயக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதற்கு முன்னால் பெட்டியில் போட மாட்டேன் என்கிறார்.