வறுத்த நாரையும் ஒரு கேஸ் கட்டும்

மே மாசம் இங்கிலாந்துல செல்டனம்ல இருந்து பஸ் புடிச்சு நார்த்லீச்னு ஒரு குட்டி ஊருக்குப் போனேன், இறங்கினதும் ஒரு மார்க்கெட் சதுக்கம், நாலு கடை, அதுக்கு மேல சம்பந்தமே இல்லாத சைஸ்ல ஒரு சர்ச். நம்ம ஊர்ல சின்ன கிராமத்துல பெரிய கோபுரம் நின்னா "இங்க ஒரு காலத்துல காசு இருந்திருக்கு"ன்னு தோணும்ல, அதேதான். இங்க காசு வந்தது ஆட்டு ரோமத்துல.

பழைய இங்கிலீஷ் வியாபாரக் குடும்பங்களோட வம்சாவளிய தேடிப் படிக்கிற கிறுக்கு எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு. இதுல ஒரு சுவர் வந்து முட்டும், 1538. அந்த வருஷம்தான் தாமஸ் க்ராம்வெல் எல்லா சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூணையும் எழுதி வைக்கணும்னு உத்தரவு போட்டாரு. அதுக்கு முன்னாடி உள்ளவங்கள புடிக்கணும்னா உயில் வேணும், இல்ல கல்லறைத் தகடு வேணும், இல்ல கோர்ட் பேப்பர் வேணும்.

தகடு இங்க தரையிலயே கிடக்கு. ஜான் ஃபோர்டினு ஒருத்தர், 1458ல செத்தாரு, சர்ச்சோட நடுக்கூடத்த உயர்த்திக் கட்ட காசு குடுத்தவரு. பித்தளையில படுத்திருக்காரு, ஒரு கால் ஆட்டு மேல, இன்னொரு கால் ரோம மூட்டை மேல! சுத்தி வட்டம் வட்டமா அவரு மூட்டையில போடுற வியாபார முத்திரை. சாமி கும்பிடுற இடத்துல கடை போர்டு மாட்டின மாதிரி இருக்கு, கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, ஆனா நம்ம கோயில் டியூப்லைட்ல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறத நினைச்சதும் அடங்கிட்டேன்.

பக்கத்து சிப்பிங் கேம்ப்டன்ல வில்லியம் க்ரெவல்னு இன்னொரு ரோம வியாபாரி, 1401ல போனவரு. அவரு வம்சத்துல வந்த ஃபல்க் க்ரெவிலுக்கு ராஜா 1604ல வாரிக் கோட்டையையே குடுத்தாரு, அவரு பிரபுவும் ஆனாரு, குடும்பத்துல பின்னாடி வந்தவங்க 1978ல அந்தக் கோட்டைய மெழுகு பொம்மை கம்பெனிக்கு வித்துட்டாங்க. வம்சாவளின்னா இப்படி தெளிவா வந்தா ஈஸி. ஆனா எனக்கு மனசு ஒட்டினது செலி குடும்பத்து மேலதான்.

லண்டன் மார்க் லேன்ல இருந்த ரோம வியாபாரிங்க. நார்த்லீச்ல வில்லியம் மிட்விண்டர்னு ஒரு தரகர் ரோமம் வாங்கித் தருவாரு, அது கப்பல்ல கலேய் போகும் (ஃப்ரான்ஸ் கரையில உள்ள துறைமுகம், அப்ப இங்கிலாந்து கையில), அங்க டச்சு, ஃப்ளெமிஷ் ஆளுங்க வாங்குவாங்க. அப்பா ரிச்சர்ட், பசங்க ராபர்ட், ரிச்சர்ட், ஜார்ஜ். இவங்களும் இவங்க வியாபார ஆளுங்களும் போட்டுக்கிட்ட கடிதம் சுமார் 250, 1472ல இருந்து 1488 வரைக்கும், லண்டன் கியூல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. அங்க பேனாவுக்கு அனுமதி இல்ல, பென்சில் மட்டும்தான். நான் படிச்சது அச்சுல வந்தத, அதுலயே ஸ்பெல்லிங் இஷ்டத்துக்கு இருக்கும், வாய்விட்டுப் படிச்சாத்தான் புரியும், பக்கத்து சீட்டு அம்மா ரெண்டு தடவ திரும்பிப் பாத்தாங்க.

அதுல ஒண்ணு 1482 மே 13, மகன் ரிச்சர்ட் தன் தம்பி ஜார்ஜுக்கு எழுதினது. அப்பா செத்து நாலு மாசம் ஆகல. ரோமம் பாக்க வந்தவன்கிட்ட மிட்விண்டர் "உனக்கு வரன் எதுவும் பேசியிருக்கா"ன்னு ஆரம்பிக்கிறாரு. லிம்ரிக்னு இந்தப் பக்கத்து பெரிய பணக்காரர், அவரு பொண்ணு, அம்மா இல்ல, அம்மா வழியில வருஷம் 40 பவுண்ட் வருமானம். மே தினத்தன்னிக்கு இதே சர்ச்சுல காலை பூஜைக்கு பொண்ணும் சித்தியும் வர்றாங்க. பொண்ணு பாக்குற படலமேதான்! நடந்து வந்த பொண்ணுக்கு மாப்பிள்ளை ஒயின் அனுப்புறான், பதிலுக்கு பொண்ணு வீட்டுல இருந்து வறுத்த நாரைக்குஞ்சு வருது. சின்ன வயசு, குள்ளம், லட்சணம், புத்திசாலின்னு தம்பிக்கு எழுதுறான், அப்பா பேரு சொன்னவன் பொண்ணு பேர மட்டும் எழுதல.

அந்த சம்பந்தம் கூடல. அவன் கட்டினது ராசன்ங்கிற லண்டன் துணி வியாபாரியோட பொண்ண, பேரு ஆன்.

இவ்வளவும் எப்படி மிஞ்சிச்சுன்னா, 1489ல ஜார்ஜ் செத்தப்புறம் கூட்டு வியாபாரக் கடன் யாரு தலையிலன்னு குடும்பத்துக்குள்ள வழக்கு. சாட்சிக்காக கணக்கு, கடிதம் எல்லாத்தையும் மூட்டையா கட்டி கோர்ட்ல குடுத்திருக்காங்க, யாரும் திருப்பி வாங்கல. ஒத்துமையா இருந்திருந்தா அடுப்புக்குத்தான் போயிருக்கும், நாரையும் சேத்து.

சர்ச் பெஞ்ச்ல கொஞ்ச நேரம் உக்காந்தேன், எந்தப் பக்கம் அந்தப் பொண்ணு நின்னிருக்கும்னு பாத்துக்கிட்டே. வெளிய வந்து அப்பாவுக்கு போன் போட்டேன், தாத்தா காலத்து பாகப்பிரிவினை கேஸ் கட்டு இன்னும் பரண்ல இருக்கா, இல்ல பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சான்னு. "அது எதுக்குடா இப்ப, சித்தப்பா மேல திரும்ப கேஸ் போடப் போறியா"ன்னாரு.