தொட்டியில் சிவந்த முதல் பழம்

அக்டோபரில் குன்னூர் வீட்டு வாசலில் நட்ட ஸ்ட்ராபெரி இன்று முதல் பழம் தந்தது! போன வருடம் குருத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டேன். அத்தனை நாற்றும் அழுகிப்போனது. மனம் ஆறவே இல்லை. இம்முறை வேர் மட்டும் மண்ணுக்குள், குருத்து மண்மட்டத்துக்கு மேலே. பழம் ஈர மண்ணைத் தொடாமலிருக்க அடியில் வைக்கோல் பரப்பினேன். பக்கவாட்டில் நீண்டு படரும் ஓடுதண்டுகள் கிளம்பக் கிளம்பக் கிள்ளிவிட்டேன், சத்தெல்லாம் காய்க்கே போகட்டும் என்று.

மூன்று நாளாகக் காம்பருகே கொஞ்சம் வெளுப்பு இருந்தது. பறித்த பிறகு ஸ்ட்ராபெரியில் இனிப்பு ஏறாது, அதனால் பொறுத்திருந்தேன். இன்று காலை, பனி ஈரத்தோடு, காம்புவரை சிவப்பு. விதைகள் பொன்னிறத்தில் மின்னின. மகள் பாதியைக் கடித்துவிட்டு, மீதியை என் வாயில் ஊட்டினாள். அடுத்த கொத்தில் ஏழு பிஞ்சுகள் இருக்கின்றன.