கார்டு இருக்கா?

ஜூன் 11
வீட்டுக்காரருக்கு நெஞ்சுல மூணு அடைப்பு. பைபாஸ்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அடுத்த கேள்வியே, "காப்பீட்டு கார்டு இருக்கா?"

ஜூன் 12
அத்தையோட தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். 2009-ல் கொடுத்த கலைஞர் காப்பீட்டு அட்டைதான் கிடைச்சது. அந்தத் திட்டம் போய் 2012-லேயே முதலமைச்சர் காப்பீடு வந்தாச்சு. 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோட சேர்ந்து வருஷத்துக்கு அஞ்சு லட்சமும் ஆயாச்சு. நாங்க பழைய ஒரு லட்சத்தைப் பத்திரமா வச்சிருக்கோம். "தூக்கிப் போட்டுடாதே"ன்னு அத்தை வாங்கி மறுபடி உள்ளேயே வச்சுட்டாங்க.

தோடு பேங்க்ல இருக்கு.

ஜூன் 14
புது கார்டுக்கு வருமானச் சான்று. வருஷத்துக்கு எவ்வளவு வரும்னு வி.ஏ.ஓ. கேட்டார். கொத்தனாருக்கு என்ன மாசச் சம்பளமா? மழைன்னா வீடு, ஆடின்னா வீடு. 1,20,000-க்குள்ள இருக்கணும், முன்னே 72,000-ஆ இருந்தது. "நல்ல வேலைன்னா நாளைக்கு ஆயிரம்"னு இவர் பெருமையா ஆரம்பிச்சார். காலை மிதிச்சேன். வேலை இருக்கிற நாளை மட்டும் சொன்னா ஆச்சா, இல்லாத நாளை யார் சொல்றது?

ஜூன் 17
திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ். ரேஷன் கார்டு, ஆதார், சான்று எல்லாம் சரி. பாப்பா விரல் வச்ச உடனே எடுத்துக்கிச்சு. இவர் விரல்ல ரேகையே இல்லை. சிமெண்ட் தின்னுடுச்சு. பூச்சு வேலையில கரண்டியை வச்சுட்டு ஓரத்தை விரலாலேயே தேய்ப்பார், சொன்னா கேட்க மாட்டார். சட்டையில துடைச்சார், தலையில தேய்ச்சு எண்ணெய் ஏத்தினார், கட்டைவிரல் மாத்தினார். மிஷின் ஒத்துக்கலை. பின்னால வரிசை முணுமுணுக்குது. இவருக்கு வேர்க்குது, எனக்கு அந்த வேர்வையைப் பார்த்துதான் பயம். அந்தப் பொண்ணு கோபப்படவே இல்லை. "கண்ணைக் காட்டுங்கண்ணா"ன்னு எடுத்துக்கிட்டா. நல்லா இருக்கணும்.

ஜூன் 18
தோட்டுக்கு வட்டி கட்டணும்.

ஜூன் 20
அட்மிட் பண்ணியாச்சு. காப்பீட்டுக்குத் தனி ஜன்னல். ஆஞ்சியோ சிடி, எக்கோ, ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி காப்பீட்டுக்காரங்களுக்கு அனுப்புவாங்க. அங்கே இருக்கிற டாக்டருங்க பார்த்து அப்ரூவல் கொடுத்தாத்தான் தேதி.

ஜூன் 21
வரலை.

ஜூன் 22
திருப்பி அனுப்பிட்டாங்க. ஆதார்ல இனிஷியல் இருக்கு, ரேஷன் கார்டுல இல்லை. நெஞ்சுக்கு ரத்தம் போகலைன்னு படம் எடுத்துக் காட்டியாச்சு, இனிஷியல் கேட்கிறாங்க.

சாயந்தரம் ஜன்னல்காரர் குரலைத் தாழ்த்தி, "தனியா ஒரு இருபதாயிரம் ரெடி பண்ணிக்கோங்க"ன்னார். ரசீது உண்டான்னு கேட்டேன். ஃபைலைப் புரட்டினார். வெளியே வந்து காப்பீட்டுத் திட்டத்தோட உதவி எண் 1800 425 3993-க்குப் போன் போட்டேன். "கேட்கக் கூடாதும்மா, புகார் எழுதிக்கட்டுமா?"ன்னாங்க. வாய் வரலை. கத்தி எடுக்கப் போறது இதே ஆஸ்பத்திரிதானே. அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டேன்.

ஜூன் 24
அண்ணன் திருப்பூர்ல இருந்து வந்துச்சு. "தோட்டை மீட்டு வித்துடு, நிம்மதியா இரு"ங்குது. அம்மா போட்ட அஞ்சு கல்லு. விக்க மாட்டேன்.

ஆபரேஷன் இலவசம். என் இட்லி, பஸ், இவர் சும்மா இருக்கிற நாள் எதுலயும் வராது. மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதாம். சாந்துச்சட்டி கனமில்லாம வேற என்ன?

ஜூன் 25
வந்துடுச்சு!! அப்ரூவல் வந்துடுச்சு. நாளை மறுநாள், ரெண்டாவது கேஸ்.

வீட்டுக்குப் போன் போட்டேன், அத்தை அழுவுறாங்க. வார்டுல எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். கணக்குப் பார்க்கலை.

ஜூன் 26
மேஸ்திரி நாலு பசங்களோட வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போனார். நெஞ்சு முடியைச் சிரைச்சுட்டாங்க, இவர் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்துக்கிறார். ஜன்னல்காரர் வராந்தாவில் எதிர்ல வந்தும் பேசலை. அந்த இருபதாயிரம் இன்னும் இருக்கா, விட்டுட்டாரா? ரசீது இல்லாம கொடுக்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அது கொடுத்துடும், எனக்குத் தெரியும்.

சிஸ்டர் கூப்பிடுறாங்க. ஏதோ கையெழுத்தாம்.