செத்த சிப்பும் சாகாத சிப்பும்

மேசை மல்டிமீட்டருக்குத் திடீரென மறதி வந்துவிட்டது. அணைத்துப் போட்டால் சேமித்த செட்டிங் எதுவும் இல்லை. ஆன் செய்ததும் மெமரி எரர். மூடியைக் கழற்றினேன். கட்டை மாதிரி தடித்த டிஎஸ்1230ஒய் மெமரி சிப், 28 கால். முதுகில் 9417, அதாவது 1994-ன் 17-வது வாரம். லித்தியம் பேட்டரியையும் உள்ளே வைத்தே வார்த்து மூடிய எஸ்ராம் இது, அதாவது மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும் மெமரி. டேட்டாஷீட் உறுதி சொல்வது 10 ஆண்டுக்குத்தான். இத்தனை வருஷம் ஓடியதே உபரி.

பக்கத்தில் 24 காலோடு டிஎஸ்1220, அதே வயசு. காலிபரேஷன் எண்கள், அதாவது மீட்டர் சரியாக அளப்பதற்கான திருத்த எண்கள், இருப்பது இதில்தான். செத்ததைப் பிடுங்கப் பயமில்லை, இழக்க அதில் ஒன்றுமில்லை. உயிரோடிருக்கும் இந்த 2,048 பைட்தான் என்னை இரண்டு நாள் கைகட்டி உட்கார வைத்தது.

முதலில் மாறாத 10 வோல்ட் தரும் ரெஃபரன்ஸ் கருவியை அளந்து தாளில் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு காலிலும் புது ஈயம் வைத்து உருக்கி, பிறகு பம்பால் உறிஞ்சினால் பழைய ஈயமும் சேர்ந்து வந்துவிடுகிறது. கிரவுண்ட் கால் மட்டும் அடம். போர்டின் செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் குடித்துவிடும். 1230-ல் அவசரப்பட்டு நெம்பியதில், போர்டில் கால் ஒட்டும் செம்பு வட்டம் (பேட்) ஒன்று பெயர்ந்தது. மெல்லிய கம்பி இழுத்துச் சமாளித்தேன். அந்தப் பாடத்தால் 1220-க்கு ஒரு மணி நேரம் ஆனது.

கழற்றிய 1220-ஐப் புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) இரண்டு முறை படித்தேன். நாலு பைட் மாறி வந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. லென்ஸில் பார்த்தால் காலெல்லாம் ஈயம் வைக்கும்போது ஒட்டிய ஃபிளக்ஸ் பிசுக்கு. ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மூன்று முறை படித்தேன், மூன்றும் ஒன்றே. ஃபைலை மூன்று இடத்தில் வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

1230-க்குப் பதில் பேட்டரியே இல்லாமல் நினைவு வைத்திருக்கும் எஃப்எம்18டபிள்யூ08 என்ற எஃப்ராம் வகைச் சிப்பை அடாப்டரில் வைத்துப் பார்த்தேன். செல்ஃப் டெஸ்ட் தோல்வி. எஃப்ராம், சிப் எனேபிள் (சிப்பை இயக்கும் சிக்னல் கோடு) கீழே இறங்கும் கணத்தில்தான் எந்த பைட் வேண்டும் என்ற முகவரியைப் பிடித்துக்கொள்ளும். சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தால், இந்த மீட்டர் அந்தக் கோட்டைக் கீழேயே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறது. சாதாரண எஸ்ராமுக்கு அது சரி, எஃப்ராமுக்குப் புரியாது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம்.

கடைசியில் இரண்டுக்கும் பேட்டரி வகைப் புதுச் சிப்புகளே, இந்த முறை சாக்கெட்டில். 1220-ல் ஃபைலை எழுதி, சரிபார்த்து, மாட்டினேன். எரர் இல்லை. ஒரு மணி நேரம் சூடாகவிட்டு அதே ரெஃபரன்ஸை அளந்தேன்: கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூட, குறைய ஆடுகிறது. தாளில் குறித்த அன்றும் அப்படித்தான் ஆடியது.


கழற்றிய 1220-ஐ ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தேன். 2,048 பைட்டும் அப்படியே இருந்தன.