நிலக்கரி மேட்டுல அப்பாவோட நடந்தது

ஜெர்மனியில இருக்கிற ரூர்னு சொன்னாலே நம்ம ஜியாகிரஃபி புக்ல நிலக்கரி, இரும்பு, புகைபோக்கி இதான் இருக்கும், ஆனா நான் வேலைக்கு இங்க வந்து சேர்ந்தப்ப ஒரு சுரங்கம் கூட ஓடல. கடைசியா இருந்த போட்ராப் ஊரு ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்தையும் 2018 டிசம்பர் 21 அன்னிக்கு மூடிட்டாங்க, கடைசியா வெட்டுன கரிக்கட்டியை ஜனாதிபதி ஸ்டைன்மையர் கையில குடுத்து முடிச்சாங்க. இப்ப ஊருக்கு ஊரு மிச்சம் இருக்கிறது மேடுங்கதான், கரியோட சேர்ந்து வெளிய வந்த கல்லை எல்லாம் கொட்டிக் கொட்டி ஏத்தினது, இங்க அதை ஹால்டெங்கிறாங்க. நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவ, மண்மேடு எனக்குப் புதுசு இல்ல. அதனால ஆஃபீஸ்ல ஒருத்தங்க "வீக்எண்டு ஹால்டெக்கு நடக்கப் போலாமா"ன்னு கேட்டதும் யோசிக்காம சரின்னுட்டேன்.

வந்த புதுசுல ஞாயித்துக்கிழமைதான் ரொம்பக் கஷ்டம். கடை பூரா மூடியிருக்கும், ரோட்டுல ஆளே இருக்காது, பாஷையும் வராது, ரூம்லயே உக்காந்து ஊருக்கு ஃபோன் பேசிட்டே இருப்பேன். அந்த ஆளுங்க எல்லாம் எங்க போறாங்கன்னு இந்த மேட்டுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு, நாயைக் கூட்டிக்கிட்டு, எழுபது வயசுக்கு மேல இருக்கிறவங்க கூட ரெண்டு கையிலயும் குச்சி வச்சுக்கிட்டு விறுவிறுன்னு ஏறுறாங்க. எதிர்ல வர்றவங்க எல்லாரும் வணக்கம் சொல்றாங்க, டவுன்ல இதே ஆளுங்க முகத்தைக் கூட பாக்க மாட்டாங்க.

நான் அடிக்கடி போறது ஹோஹெவார்ட். ஹெர்ட்டன், ரெக்லிங்ஹவுசன் ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கு, எவால்ட் சுரங்கம், ரெக்லிங்ஹவுசன் சுரங்கம் இதுலருந்தெல்லாம் வந்த கல்லுதான் இவ்ளோ பெரிய மலையா நிக்குது, கடல் மட்டத்துலருந்து 150 மீட்டருக்கு மேல. எவால்ட் 2000-ல மூடினாங்க, அந்தப் பழைய டவரும் கட்டடமும் இன்னும் மேட்டு அடிவாரத்துலயே இருக்கு. ரெக்லிங்ஹவுசன் பக்கமா வந்தா சிவப்பு இரும்புல செஞ்ச டிராகன் பாலம் ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு மேட்டுல கொண்டுபோய் விடும், குழந்தைங்களோட போறவங்க அந்தப் பக்கமா போங்க. படிக்கட்டு சீக்கிரம் ஏத்திடும் ஆனா மூச்சு வாங்கும், சுத்துப் பாதை நீளம்தான், ஆனா எனக்கு அதுதான் பிடிக்கும். மேல காத்து எப்பவும் பலமா அடிக்கும், கீழ வெயில் அடிக்குதேன்னு ஜாக்கெட் இல்லாம போயிடாதீங்க.

உச்சியில ரெண்டு பிரம்மாண்டமான இரும்பு வளைவு இருக்கு, சூரியன், நட்சத்திரம் நகர்றதைப் பாக்குறதுக்காக 2008-ல கட்டினது, கட்டி முடிச்ச கொஞ்ச நாள்லயே விரிசல் விட்டுடுச்சுன்னு வேலி போட்டுட்டாங்க. தள்ளி இன்னொரு இடத்துல தூண் மாதிரி ஒண்ணு நட்டு பெரிய சூரியக் கடிகாரம் வச்சிருக்காங்க. அங்கருந்து பாத்தா கெல்சன்கிர்ஷன் ஃபுட்பால் ஸ்டேடியம் தெரியும், ஷால்கே டீம் வீரர்கள் கிரவுண்டுக்குள்ள வர்ற வழியையே சுரங்கப் பாதை மாதிரி பண்ணி வச்சிருக்காங்க. சுரங்கம் போனாலும் இவங்க அதை விடல.

போன வருஷம் அப்பா வந்திருந்தார். நெய்வேலியில நிலத்தடித் தண்ணியை பம்ப் பண்ற பிரிவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கொலோன் கதீட்ரல் எல்லாம் கூட்டிட்டுப் போனேன், நல்லாருக்குன்னார், அவ்ளோதான். ஹோஹெவார்டுக்குக் கூட்டிட்டு வந்தப்பதான் ஆளே மாறிட்டார். பத்தடி நடக்குறது, குனியுறது, கல்லை எடுத்துப் பாக்குறது. பாதை ஓரத்துல இருக்கிறது பூரா சாம்பலும் கறுப்புமா ஷேல் கல்லு, நகத்தால நெம்பினாலே அப்பளம் மாதிரி அடுக்கு அடுக்கா பிரியும். அப்பிடி ஒண்ணைப் பிரிச்சப்ப உள்ள ஒரு செடி இலையோட அச்சு, நரம்பு நரம்பா தெரிஞ்சுது. "பாப்பா, இது முப்பது கோடி வருஷத்துக்கு முந்தினதும்மா, இதோட பாத்தா நம்ம நெய்வேலி கரி குழந்தை, அதுல மரத்துண்டு மரத்துண்டாவே வரும்"னார். அதை என் கையில குடுத்துட்டு அந்தக் கல்லுக்கு நடுவுல முளைச்சு நிக்கிற பிர்ச் மரத்தைத் தட்டிப் பாத்தார், மண்ணே இல்லாத இடத்துல முதல்ல இந்த மாதிரி மரம்தான் வருமாம்.

அன்னிக்கு எங்களோட எங்க மாடியில குடியிருக்கிற பெரியவர் ஒருத்தரும் வந்திருந்தார். துருக்கியிலருந்து வந்தவர், 1961-ல ஜெர்மனி துருக்கியோட ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டப்புறம் எத்தனையோ பேர் சுரங்க வேலைக்கு வந்தாங்க இல்லையா, அதுல ஒருத்தர். பூமிக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கும் கீழ போய் வேலை பாத்தவர். அப்பா வேலை பாத்தது திறந்தவெளி சுரங்கம், வானத்தைப் பாத்துக்கிட்டே வேலை செய்யலாம். நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லிட்டு இருந்தேன், கொஞ்ச நேரத்துல ரெண்டு பேருமே கையாலயே பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா என்கிட்ட கேக்கச் சொன்ன ஒரே கேள்வி, "தண்ணியை என்ன பண்ணாங்கன்னு கேளும்மா".

பெரியவர் சிரிச்சார், இன்னும் பம்ப் பண்ணிட்டுதான் இருக்காங்கன்னார். சுரங்கம் மூடியாச்சு, பம்பை நிறுத்த முடியாது. கரி எடுத்த இடமெல்லாம் நிலம் இறங்கிடுச்சு, சில இடத்துல 20 மீட்டருக்கு மேலயே இறங்கியிருக்கு, பம்பை நிறுத்தினா ரூர்ல அஞ்சுல ஒரு பங்கு தண்ணிக்கு அடியில போயிடும். சுரங்கத்துக்குள்ள இருக்கிற உப்புத் தண்ணியும் மேல ஏறி குடிதண்ணியோட கலந்துடக் கூடாது. இதுக்குன்னே 2007-ல ஒரு அறக்கட்டளை வச்சு பணம் சேத்தாங்க, 2019-லருந்து அந்தப் பணத்துலதான் பம்பு ஓடுது, முடிவுன்னே ஒண்ணு இல்லாத வேலை. அப்பா அதைக் கேட்டு அப்படியே நின்னுட்டார். நெய்வேலியிலயும் கரிக்கு அடியில இருக்கிற தண்ணி அழுத்தத்தால ராவும் பகலும் பம்ப் ஓடணும், அவர் வேலை பாத்தது பூரா அந்த சத்தத்துலதான். ஆனா கரி எடுக்கிறதுக்காக பம்ப் ஓடினது அவருக்குத் தெரியும், கரி நின்னப்புறமும் ஓடுறதை இப்பதான் கேக்குறார்.

எனக்கும் அதுதான் மனசுல நிக்குது. இங்க வர்றவங்க பச்சையைப் பாத்துட்டு இயற்கையே எல்லாத்தையும் சரி பண்ணிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க, அப்பிடி இல்ல. பக்கத்துல ஓடுற எம்ஷர் ஆறு நூறு வருஷத்துக்கு மேல திறந்த சாக்கடையா இருந்துது, நிலம் இறங்கிட்டே இருந்ததால பூமிக்கு அடியில குழாய் போட முடியல. 1992-ல ஆரம்பிச்சு 51 கிலோமீட்டர் நீளத்துக்கு பூமிக்கு அடியில கால்வாய் தோண்டி, சாக்கடையைப் பூரா அதுல திருப்பி விட்டு, 2021 கடைசியிலதான் ஆத்துல கழிவு இல்லாம பண்ணாங்க. ஒரு தலைமுறை ஆளுங்க உக்காந்து திட்டம் போட்டு, வரிப்பணமும் கட்டணமும் குடுத்து, விடாம செஞ்சதுனாலதான் நாம இதுல நடக்குறோம். இது தெரிஞ்சப்புறம்தான் நான் இந்த ஊரு மீட்டிங், நோட்டீஸ் எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், பாஷையும் அதுலதான் வேகமா வந்துது.

அப்பா ஊருக்குப் போயிட்டார், மேட்டுப் பெரியவர் எப்பிடி இருக்கார்னு ஒவ்வொரு ஃபோன்லயும் கேக்குறார். அடுத்த தடவை ஜெர்மனியோட கிழக்குல இருக்கிற லவுசிட்ஸ் பக்கம் போகணுமாம், அங்க நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரி, வெட்டி முடிச்ச பழைய குழிங்கள்ல நிறைய ஏரி ஆக்கிட்டாங்க. லிஷ்டர்ஃபெல்டுங்கிற இடத்துல 502 மீட்டர் நீளத்துக்கு எஃப் 60-ன்னு, கரிக்கு மேல இருக்கிற மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுற ஒரு ராட்சச மெஷினை அப்படியே நிறுத்தி வச்சு மேல ஏறிப் பாக்க விடுறாங்க, அதோட ஃபோட்டோவைத்தான் இப்ப வாட்ஸ்அப் டிபியா வச்சிருக்கார். விசாவுக்கு அப்ளை பண்ணியாச்சு, செப்டம்பருக்கு டிக்கெட் பாத்துட்டு இருக்கேன், பெரியவரும் வர்றேன்னு சொல்லிட்டார்.