எங்கள் எழுத்து வட்டத்தின் யாப்பைப் பிள்ளைகளே எழுதினார்கள்

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி எழுதப் பழக்குகிறோம். வட்டத்தை ஒரு சங்கமாகப் பதிவது பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் புத்தகங்கள் வாங்கக் காசு தர முன்வந்தபோது அதைத் தனியாள் கணக்கில் வாங்க எனக்கு மனம் வரவில்லை, சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கப் பதிவுக் கடிதம் வேண்டும் என்றார்கள். சரி, பதிவோம் என்று இறங்கினோம்.

சனசமூக நிலையம் என்றால் பதிவது பிரதேச சபையில். எங்களைப் போல ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் தொண்டு செய்பவர்களுக்குப் பிரதேச செயலகம். விதானையாரின் (கிராம அலுவலரின்) பரிந்துரை, கூட்ட அறிக்கை, உறுப்பினர் பட்டியல் எல்லாம் சுலபமாகவே முடிந்தன. யாப்புத்தான், அதாவது சங்கத்தின் நோக்கத்தையும் விதிகளையும் சொல்லும் ஆவணந்தான், நாள் எடுத்தது.

மாதிரி யாப்பு ஒன்று கிடைத்தது. அதில் நோக்கம், “இளைஞர்களின் ஆற்றலை மேம்படுத்தி ஆளுமைமிக்க சமுதாயத்தைக் கட்டியெழுப்புதல்.” பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, “அண்ணை, இது விளையாட்டுக் கழகத்துக்கும் பொருந்தும்தானே? நாங்கள் என்ன செய்யிறம் எண்டு இதில இல்லையே” என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரியூசனில் பாடமாக்கிய கட்டுரையை அப்படியே ஒப்புவித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

பிறகு யாப்பு அவர்கள் கைக்குப் போய்விட்டது. “கூடி எழுதுதல், எழுதியதை எழுதியவரே வாசித்தல், ஒருவர் எழுதியதை மற்றவர் பென்சிலால் மட்டும் திருத்துதல்” என்று எழுதினார்கள். பென்சில் எல்லாம் யாப்பில் வரலாமா என்று பெரிய வாக்குவாதம். சிவப்புப் பேனை பட்ட கொப்பியை வீட்டில் ஒளித்து வைத்த பெடியன் ஒருவன் விடவே இல்லை, அது இருக்கத்தான் வேணும் என்றான். இருந்தது. செயலகத்தில் உத்தியோகத்தர் அந்த வரியில் நிறுத்தி ஏன் என்று கேட்டார், அவனே விளக்கினான்.

அவர் கேட்ட மற்ற இரண்டும் முக்கியமானவை: காசு எடுக்க யார் யார் கையொப்பம், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு. புத்தகங்கள் பாடசாலை நூலகத்துக்கு என்று பிள்ளைகள் முன்பே எழுதியிருந்தார்கள்.

நீங்களும் பதிவதானால், எந்த வங்கியில் கணக்கு, யார் கையொப்பமிடுவது என்ற தீர்மானத்தை முதல் கூட்ட அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். வங்கி அதைக் கேட்கும், அதற்காக இன்னொரு கூட்டம் வைக்கத் தேவையில்லை.